ஒரு சொல்லும் என்ட இல்ல

இப்போதெல்லாம் புத்தக வெளியீடுகளுக்குப் போனால், எழுதின பிள்ளை மேடையேறியதும் முதலில் சொல்வது "நான் ஓர் எழுத்தாளனே அல்ல" என்பதுதான். கீழே இருப்பவர்கள் கைதட்டுவார்கள். என்ன பணிவு பாருங்கள் என்று பக்கத்துக் கதிரைக்காரர் என் காதுக்குள் சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். எழுதியிருக்கிறாய், உன் பெயர் அட்டையில் கிடக்கிறது, பிறகென்ன அல்ல? ஒருநாள் இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டார். போகட்டும். அந்தப் பணிவு எங்கள் வளவுக்குள் வருடக்கணக்காகக் குடியிருந்தது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அவர் என் சாச்சா, உம்மாவின் தங்கச்சியின் புருஷன். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவான். உம்மாவின் தாய்வீட்டு வளவை இரண்டாக்கி, கடற்கரைப் பக்கத்து வீட்டை உம்மாவுக்கும் றோட்டுப் பக்கத்து வீட்டைச் சாச்சிக்கும் எழுதியிருந்தார்கள். நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. மற்ற வீடுகளில் வந்த மாப்பிள்ளைமார் ஒரு வருடத்துக்குள் சத்தம்போட்டுக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். சாச்சா கடைசிவரை விருந்தாளியாகவே இருந்தார். பெரிய கதிரையில் இருக்கமாட்டார். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால், "உங்கட சுவர்ல ஒரு ஆணி அடிக்கட்டா?" என்று சாச்சியிடம் கேட்பார்.

"படச்சவனே! இந்த மனிசனுக்கு மூணு புள்ள பெத்துக் குடுத்திட்டன், இன்னும் ஆணிக்கு உத்தரவு கேக்கிறாரே!" என்று சாச்சி தலையில் அடித்துக்கொள்வார். உம்மாவும் நானும் இந்தப் பக்கம் நின்று சிரிப்போம். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அவரைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் வட்டவிதானை வேலை பார்த்தார். குளத்திலிருந்து வாய்க்காலில் வருகிற தண்ணீரை யாருடைய வயலுக்கு எப்போது திறப்பது என்று முறை வைக்கிற வேலை. தண்ணீர் குறைந்த போகத்தில் மண்வெட்டியோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் போய் நிற்க வேண்டும். ஒருமுறை என் மாமாவின் ஆட்கள் முறை தவறி வாய்க்காலை வெட்ட வந்தார்கள். மாமா என்றால் உம்மாவின் காக்கா, மூத்த தமையன். ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த பெரிய போடியார், அதோடு எங்கள் குடியின் மரைக்கார். தாய்வழியில் வருகிற ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. கலியாணமோ சண்டையோ அவர் சொல்தான் செல்லும். அப்பேர்ப்பட்டவரின் ஆட்கள் முன்னால் சாச்சா தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்றார், கக்கத்தில் குடையோடு.

"போடியார்ர முறை நாளைக்கு. இண்டைக்கு இந்தா, வரம்புல நிக்கிற மனிசன்ட முறை. வெட்டுறதெண்டா முதல்ல என்ட கால வெட்டிட்டு வெட்டுங்க."

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இதை ஊரே சொல்லும். அதே மனிதர் பாயில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது அந்தப் பக்கம் போனால், சோதனை எழுதுகிற பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையால் கடுதாசியைப் பொத்திக்கொள்வார். என்ன சாச்சா எழுதுகிறீர்கள் என்றால், "சும்மா, கிறுக்கிறன்," என்பார். யாராவது ஒரு வரியைப் புகழ்ந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். "அது என்ட இல்ல. எங்கயோ கேட்டது," என்று ஏதோ களவுச் சாமான் கையில் அகப்பட்ட மாதிரி எழும்பிப் போய்விடுவார்.

தொடக்கத்தில் எழுதியவை உண்மையில் அவருடையவையாக இல்லைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். கடல் தாண்டி வருகிற வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாசித்து வாசித்து அதே அச்சில் ஒரு நாவல் எழுதியிருந்தார். ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஒரு பெண் குடத்தோடு நிற்பாள். காரில் வருகிறவன் வழி கேட்பான். எல்லோரும் பித்தளை டம்ளரில் காப்பி குடிப்பார்கள். நான் அப்போது உயர்தரச் சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அவருடைய கையெழுத்து ஒருவருக்கும் விளங்காது என்பதால் நான்தான் பிரதி எழுதிக் கொடுப்பேன். பாதியில் கேட்டேன்: "இதுல வாற ஒருத்தரும் ஏன் சாச்சா தேத்தண்ணி குடிக்கிறாங்க இல்ல?"

 அவர் எழுதியதைக் கட்டோடு எடுத்துப்போய் நெல் அவிக்கிற அடுப்பில் வைத்தார். நான் "ஐயோ" என்று ஓடினேன். "விடு மகள். ஆர்ரயோ வீட்டுக் கோப்பைல நான் குடிச்சிட்டு இரிந்திரிக்கன்," என்றார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. எழுதியதை எரிக்கிற நெஞ்சு எத்தனை பேருக்கு இருக்கிறது?

அதற்குப் பிறகுதான் சூறாவளி. ஒரே இரவில் கரை முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்தது. சாச்சி வீட்டு ஓடெல்லாம் போய்விட்டது. எங்கள் வீட்டில் சமைக்கிற குசினி மட்டும் தப்பியது. இரண்டு குடும்பமும் மாதக்கணக்காக அந்தக் குசினிக்குள்ளேயே கிடந்தோம். உம்மா அரிசி இடிப்பார், சாச்சா ஈர விறகைப் பிளப்பார், நான் தேங்காய் துருவுவேன். உம்மா கதைப்பார். உம்மா என்றால் கதைதான். ஊரில் அவருக்கு வாய்க்காரி என்று பெயர். என் வாப்பா ஒலுவிலில் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போனதே உம்மாவின் வாய் பொறுக்காமல்தான் என்று வாப்பாவே சொல்லியிருந்தார், எல்லோரும் நம்பினார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

அந்தக் குசினிக்குள்தான் உண்மை வந்தது. உம்மாவின் கலியாணத்துக்கு மாமா ஒரு மாட்டுச் சோடி சீதனமாகக் கொடுத்தார். கொம்புக்கு வர்ணம் தீட்டி, கழுத்துக்கு மாலையும் மணியும் போட்டு, ஊர் பார்க்க றோட்டு வழியாக நடத்திக்கொண்டுவந்து எங்கள் வளவில் கட்டினார். ஊரெல்லாம் கதை, காக்கா எண்டா இவனல்லவா காக்கா என்று. விருந்துச் சோறு முடியுமுன்னரே, ஒருநாள் விடியப்புறம், யாருக்கும் தெரியாமல் வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு, "உழவு முடியட்டும், தாறன்," என்றார். தரவேயில்லை. வாப்பா மானஸ்தன். ஊர் பார்க்க வந்த மாடு ஊர் பார்க்காமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை. நான் பிறந்த கையோடு போய்விட்டார். மாமா அதற்குப் பிறகு போகத்துக்குப் போகம் எங்கள் வீட்டுக்கு நெல் அனுப்பினார். உம்மா அதை வாங்கி, வாயை மூடிக்கொண்டு என்னை வளர்த்தார். ஊர் அவரை வாய்க்காரி என்றது. வேடிக்கைதான்.

"இத எழுதட்டா மதினி?" என்று சாச்சா கேட்டார்.

உம்மா உலக்கையை நிறுத்தினார். "எழுதுங்க தம்பி. வெளிய போனா எனக்கென்ன? ஆனா இது என்ட வாயால போனதெண்டு மட்டும் வரப்படாது. காக்காட நெல்லுலதான் இந்த அடுப்பு எரியுது."

"உங்கட பேர் வராது மதினி. சத்தியம்."

"பேர் இல்ல தம்பி. நான் சொன்னெண்டே வரப்படாது."

"வராது."

நான் தேங்காய்த் துருவலோடு பக்கத்தில் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

இரண்டு வருடம் எழுதினார். பிரதி எழுத எழுத எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வாய்க்கால், எங்கள் குசினி, எங்கள் ஆட்கள் கதைக்கிற மாதிரியே கதைக்கிற ஆட்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வரியைக் காட்டினால், "அது நீ சொன்னதுதானே மகள்," என்பார். நான் அப்படிச் சொன்னதே இல்லை. "சொன்னாய், மறந்திட்டாய்." இன்னொரு வரியைக் காட்டினால் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னது என்பார். நான் போய்க் கேட்டேன். அந்த மனிதர், "நானா? எனக்கேன் இந்தப் பெரிய கதையெல்லாம்?" என்று சிரித்தார். எனக்கு அது ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. தான் நினைத்தது எது, பிறர் சொன்னது எது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பிறர் பக்கமே தள்ளிவிட்டார்.

நாவலின் நடுவில் அந்த மாட்டுச் சோடி அவிழ்க்கிற இடம் வரும். தமையன் மணிச் சத்தம் கேட்காமல் மணியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்க்கிறான். கதவிடுக்கில் தங்கச்சி நிற்கிறாள். அவன் திரும்பும்போது இருவர் கண்ணும் முட்டிக்கொள்கின்றன. அவன் மணியை விடவில்லை. அவள் வாய் திறக்கவில்லை. பிறகு அவள் உள்ளே போய், புருஷனுக்குப் பக்கத்தில் படுத்து, தானும் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான்தான் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தி, "இன்னொருக்கா வாசி," என்றார். வாசித்தேன். எழும்பிப் போய்க் கோழிகளை அடைத்தார்.

கல்முனையில் ஒரு சின்ன அச்சகத்தில் புத்தகம் வந்தது. பொதிகள் வந்து இறங்கிய நாளில் சாச்சா வயலில் இருந்து வரவேயில்லை. பிறகும் அவற்றைத் தொடவில்லை. பொதிகள் உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஒருநாள் காரைதீவிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் சைக்கிளில் வந்தார். புத்தகத்தை வாசித்துவிட்டு எழுதியவரைப் பார்க்க வந்திருக்கிறார். சாச்சாதான் படலையைத் திறந்தார்.

"எழுத்தாளர் இருக்கிறாரோ?"

"அவர் வெளிய போயிட்டார்," என்றார் சாச்சா.

எனக்கு யன்னலுக்குள் நின்று சிரிப்பை அடக்க முடியவில்லை. வாத்தியார் போகவில்லை, காத்திருக்கிறேன் என்று இருந்துவிட்டார். சாச்சா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, இல்லாத எழுத்தாளரைப் பற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். "அவருக்குப் பெரிசா ஒண்டும் தெரியா. கேட்டத எழுதுவார்," என்றார். வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் அவரைப் பற்றி அப்படிக் கதைக்கக் கூடாது. இந்தக் கரையில் இப்படி ஒருவரும் எழுதியதில்லை," என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். சாச்சா படலையைச் சாத்திவிட்டு வந்து, "நல்ல மனிசன், ஏமாந்து போறார்," என்றார். சாச்சி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுக்கும் நாங்கள் அவரை நேசித்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சக் கதைக்கு அர்த்தமில்லை.

கொழும்பில் அந்த நாவலுக்கு ஒரு பரிசு கிடைத்தது. அதுதான் வினை. அதுவரை புத்தகத்தைத் திரும்பியும் பார்க்காத ஊர் வாசிக்கத் தொடங்கியது. ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார், ஆட்களின் பெயரை மாற்றியிருந்தார். ஆனால் மாலை போட்ட மாட்டுச் சோடியை மாற்றவில்லை. முப்பது வயது தாண்டின எல்லோரும் அந்த மாட்டைக் கண்ணால் கண்டவர்கள். கடைக்குக் கடை கதை பரவியது. மாமா தன் மகனை இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். மாடு அவிழ்க்கிற இடம் வந்ததும் வியர்த்துப் போய் எழும்பிவிட்டாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மரைக்கார்மார் எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். பள்ளிவாசலில் வைத்து விசாரித்தால் ஊர் கூடும் என்று மாமாதான் இங்கே வைத்திருந்தார். மாமாவும் வந்திருந்தார். உம்மாவும் சாச்சியும் நானும் வாசல் திரைக்குப் பின்னால் நின்றோம். திரை இடுக்கால் எல்லோரும் தெரிந்தார்கள். மூத்த மரைக்கார் நல்ல மனிதர், சண்டையை வளர்க்கிறவர் இல்லை. அவர்தான் கதைத்தார்.

"தம்பி, நாங்க சண்டைக்கு வரல்ல. இந்தப் புத்தகம் நீங்க எழுதினதுதானே?"

சாச்சா தலையைக் குனிந்துகொண்டு, "பேர் போட்டிரிக்கி," என்றார்.

"இதுல ஒரு போடியார் வாறார். மாட்டுச் சோடி வருது. நடந்த கதையெண்டு சில பேர் கதைக்காங்க. கதைப்புத்தகம்தானே? மனசால நினச்சு எழுதுறதுதானே? அப்பிடியெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. நாங்க ஸலவாத்து ஓதிட்டு எழும்புறம். பொறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க."

பாருங்கள், எவ்வளவு லேசான காரியம். நான் நினைத்து எழுதினேன் என்று சொன்னால் போதும். நாவல் எழுதுகிற எவரும் சொல்லக்கூடிய சொல். மாமாவும் அதைத்தான் எதிர்பார்த்து இருந்தார். அவருடைய கண் கெஞ்சுகிற மாதிரிக் கிடந்தது. திரைக்குப் பின்னால் உம்மா என் கையைப் பிடித்திருந்தார். வாய்க்குள்ளேயே சொன்னார்: "சொல்லுங்க தம்பி. நான் நினச்சு எழுதினெண்டு சொல்லுங்க."

 சாச்சா தலையை நிமிர்த்தினார். வாய்க்காலில் நின்றபோதும் இப்படித்தான் நிமிர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், அல்லாஹ்வே, காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல ஹாஜியார். நினச்சு எழுதுற அளவுக்கு எனக்கு மூளை இல்ல. நான் எழுத்தாளன் இல்ல. இது எங்கட மதினி சொன்ன கதை. நான் கேட்டு எழுதினன். ஒரு சொல்லும் என்ட இல்ல."

சாச்சி "அடப் பாவி மனிசா" என்றார், மெதுவாக. உம்மா என் கையை விட்டுவிட்டார்.

மாமா எழும்பித் திரைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடப்போகிறார் என்று பயந்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்டைக்கு நீ முழிச்சா நிண்டாய்? பாத்துக்கொண்டா நிண்டாய்?"

உம்மா கொஞ்சம் சுணங்கினார். பிறகு, "ஓம் காக்கா," என்றார்.

"பாத்துக்கொண்டு நிண்டுதான் இத்தின வருசமா என்ட நெல்லத் திண்டாய்?"

 மாமா செருப்பையும் போடாமல் வெறுங்காலோடு போனார்.

அந்தப் போகத்து நெல் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் போகத்திலும் வரவில்லை. உம்மா அப்பமும் இடியப்பமும் அவித்து வீடு வீடாக விற்கக் கொடுத்தனுப்பி என்னைக் காப்பாற்றினார். மாமா குடியாட்களிடம் ஒரு சொல் சொல்லியிருந்தார், அது போதும். அந்த வருடப் பள்ளிவாசல் கந்தூரியில் வழமைபோலக் குடி குடியாகச் சோறு பகிர்ந்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். சட்டி தூக்கி வந்தவர்கள் சாச்சி வீட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு எங்கள் வாசலைப் பார்க்காமலே போனார்கள். ஓம், சாச்சி வீட்டுக்குக் கொடுத்தார்கள். எழுதியவருக்கு ஒரு குற்றமும் இல்லை. மரைக்கார்மார் முன்னால் உண்மையை ஒளிக்காமல் சொன்ன மனிதர், பெருமை இல்லாத மனிதர் என்று ஊரில் அவருக்கு இருந்த நல்ல பெயர் இன்னும் கூடியது. சாச்சி தன் பங்கில் பாதியைப் போட்டுக்கொண்டு வந்தார். உம்மா மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். என் கலியாணத்துக்கு மாமா வீட்டிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே போய்க் கேட்டேன். "சத்தியம் பண்ணினீங்களே சாச்சா. என்ட காதால கேட்டனே."

அவர் அழுதிருந்தார், கண் சிவந்து கிடந்தது. ஆனால் முகத்தில் ஏதோ ஒரு லேசு. அதைக் கண்டதும்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பொய்யா மகள் சொல்லுற? அவட கதைய நான் நினச்சதெண்டு சொன்னா அது களவில்லையா? பரிசு வந்த நாள்ல இருந்து எனக்கு நித்திரை இல்ல. அவடது அவவுக்குப் போகத்தானே வேணும்."

"உங்கட நித்திரைக்கு எங்கட உம்மாவ வித்துப்போட்டீங்க."

அவருக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. உம்மாவைக் காட்டிக்கொடுத்ததாக அவர் நினைக்கவேயில்லை, மரியாதை செய்ததாக நினைத்திருந்தார். கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் இரண்டு சொல் ஏசிவிட்டு மறந்திருப்பேன். இவர் நல்லவர். நல்லவர்களை என்ன சொல்லி ஏசுவது?

உம்மா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. ஒரு வளவு, ஒரு கிணறு. அவர் கிணற்றடியில் நின்றால் உம்மா வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். "மதினி" என்று அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்கும். உம்மாவுக்கும் கேட்கும். சூறாவளிக்குப் பிறகு சத்தமாகக் கிடந்த எங்கள் குசினியில் உலக்கைச் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது.

சாச்சாவும் எழுதுவதை விட்டுவிட்டார். காரைதீவு வாத்தியார் திரும்பவும் வந்தார். இந்த முறை ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு, அடுத்த நாவல் எப்போது என்று கேட்டார். "மதினி கதைக்கிறத நிப்பாட்டிட்டா, நான் என்னத்த எழுதுற?" என்றார் சாச்சா. வாத்தியார் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாயும் தலையணையும் பேனையும் கிடந்தன, அவருக்குத் தலைக்குள் ஆயிரம் ஆட்கள் கிடந்தார்கள். எழுதாமல் போனதற்கும் உம்மாவின் வாயையே காரணமாக்கினார். என் வாப்பாவும் அதைத்தான் செய்தார்.

நெஞ்சு வருத்தம் வந்து அவர் படுக்கையில் விழுந்தபோது அடிக்கடி ஊரடங்கு போடுகிற காலம். அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவது பெரும் பாடு. உம்மா நாள் தவறாமல் கஞ்சி காய்ச்சி என்னிடம் கொடுத்தனுப்பினார். இஞ்சி தட்டி, தேங்காய்ப்பால் விட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி. கஞ்சி போகும், ஒரு சொல் போகாது. சாச்சா கோப்பையை வாங்கும்போதெல்லாம் கேட்பார்.

"மதினி ஒண்டும் சொல்லல்லையா?"

"இல்ல சாச்சா."

"அந்தப் புத்தகத்தப் பத்தி? சரியா எழுதிரிக்கனா, பிழையா எழுதிரிக்கனா, ஒண்டுமே சொல்லல்லையா?"

"இல்ல."

"சொல்லமாட்டாதான். அவட கதையத்தானே எழுதினன். நான் என்னத்தக் கிழிச்சன்? ஒரு சொல்லும் என்ட இல்ல மகள்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். யாராவது மறுத்துச் சொல்ல வேண்டும் என்று ஏங்குகிற பார்வை. நான் மறுத்தேன், பலமுறை மறுத்தேன். என் சொல் அவருக்குக் கணக்கில்லை. நான் பிரதி எழுதினவள், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது உம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல். அது வராமலே ஒரு மத்தியானம், லுஹர் தொழுகை நேரம், மௌத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சில நாள். உம்மாவும் நானும் முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சாச்சாவின் நினைவு வந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த மாட்டுச் சோடி அவிழ்க்கிற இடத்தை எழுதியதற்காக அவரை மன்னிக்கலாம் என்று சொன்னேன். கதவிடுக்கில் நீங்கள் நின்றதை நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறார் என்றேன்.

"நான் சொல்லல்ல," என்றார் உம்மா.

"என்ன சொல்லல்ல?"

"கதவுக்குள்ள நான் நிக்கல்ல புள்ள. நான் நித்திரை. விடிஞ்சு கிணத்தடிக்குப் போகக்குள்ளதான் மாடு கட்டின கட்டை வெறுமையாக் கிடந்திச்சு. காக்கா மணியப் பொத்தினானா இல்லையா, எனக்கென்ன தெரியும்? அதெல்லாம் அந்த மனிசன் நினச்சு எழுதினது."

என் கை மிளகாயிலேயே நின்றுவிட்டது. "அப்ப மாமா கேக்கக்குள்ள ஏன் ஓம் எண்டீங்க? நித்திரையெண்டு சொல்லிரிந்தா எல்லாம் முடிஞ்சிரிக்குமே!"

உம்மா காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னார். "நீ வாசிச்சுக் காட்டினாப் பொறகு எனக்கு நான் கண்டதாத்தான் கிடந்திச்சு. இப்பயும் கண்ண மூடினா அந்த மணியப் பொத்தின கைதான் தெரியுது. இல்லையெண்டு சொல்ல வாய் வரல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதச் சாச்சாட்டச் சொல்லிரிக்கலாமே உம்மா! அந்த மனிசன் இந்த ஒரு சொல்லுக்குத்தானே அப்பிடிக் கிடந்தார்? ஒவ்வொரு நாளும் கேட்டாரே!"

"தெரியும்," என்றார் உம்மா. "தெரிஞ்சுதான் சொல்லல்ல."